வளைவை வெட்டாதீர்கள்: நம் நடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறுப்பாளர்களே, வணக்கம்.

போன ஞாயிறு பிரான்ஸின் புய் த டோம் மலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். செசா கணவாயிலிருந்து கோவேறு கழுதைக்காரர் பாதையில் ஒழுங்காகத்தான் ஏறினோம். இறங்கும்போது, "நேரமாச்சு" என்று முன்னால் போனவர் வளைந்து போகும் பாதையை விட்டுப் புல்சரிவில் நேரே இறங்கினார். அப்புறம் என்ன, ஆட்டுமந்தை மாதிரி எல்லோரும் பின்னாலேயே.

நான் கீழ் வளைவில் நின்றிருந்தேன். தேங்காய் அளவு கல் ஒன்று உருண்டு வந்து, யாரோ ஒரு சிறுமியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் அழவில்லை, கல்லையே பார்த்தாள். அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். உங்கள் சார்பில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறம். தேய்த்தால் திருநீறு போல விரலில் ஒட்டியது. மலையின் பெயரிலேயே டோமைட் என்கிறார்கள். சுமார் 11,000 வருடங்களுக்கு முன், ஓட முடியாத அளவு கெட்டியாக வந்த எரிமலைக் குழம்பு வெளிவந்த இடத்திலேயே குவிந்த மலை இது. (அதனால்தான் உச்சியில் பள்ளம் இல்லை. ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்கிறீர்கள். பள்ளம் பக்கத்து எரிமலையான பாரியூவில் இருக்கிறது.) இந்த உதிரிச் சரிவைப் புல்லின் வேர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது அறுந்தால், நம் தடத்தை மழை வாய்க்காலாக்கிவிடும். பாரியூவில் மரப்படி போட்டது அழகுக்காகவா?

தயவுசெய்து வளைவை வெட்டி இறங்காதீர்கள்.

1648இல் அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, காற்றழுத்தம் அளக்கப் பாதரசமும் கண்ணாடிக் குழாயுமாக இதே மலையில் ஏறி இறங்கினார். அவருக்கு இல்லாத அவசரம், கையில் செல்பேசி மட்டும் வைத்திருக்கும் நமக்கு! கோவேறு கழுதைகூட வளைந்துதான் போயிருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததைப் பெருமையாகச் சொல்லித்தான் ஆள் சேர்க்கிறீர்கள். சேர்ந்தவர்களுக்குப் பாதை எது என்று மட்டும் சொல்வதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்கட்டும், யாரும் வளைவை வெட்ட வேண்டாம். அரைமணி தாமதமானால் ஆகட்டும். அடுத்த நடையில் முதல் வளைவில் நானே நிற்கிறேன். மற்ற வளைவுகளுக்கு ஆள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று வருடமாகச் சந்தா கட்டும் உறுப்பினர்,
கிளெர்மோன்-ஃபெரான்