தாரோடு ஒரு மல்லுக்கட்டு

அன்புள்ள ராகவா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் ஆறு மாதமாகப் பதில் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டால் சிரிப்பாய் என்பதால் கேட்கவில்லை. வீட்டில் அனைவரும் நலம். மரத்தை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுக்கும் எங்கள் உலையின் வாயுக்குழாயை, மரம் சூடாகும்போது ஆவியாகி வந்து குளிர்ந்ததும் படியும் தார் நேற்று முழுவதுமாக அடைத்துவிட்டது. உளியால் அதைக் கொத்திக்கொண்டிருந்தபோதுதான் உன் நினைவு வந்தது.

காற்றை ஊதி மரத்தை வாயுவாக்கினால் வெளிவருவதில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன் என்பது உனக்குத் தெரியும். காற்றுக்குப் பதில் நீராவியைச் செலுத்தினால் அந்தச் சுமை இல்லை. கரியோடு வினைபுரியும் நீராவி ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தருகிறது, அந்த மோனாக்சைடு மேலும் நீராவியைச் சேர்த்துக்கொண்டு இன்னும் ஹைட்ரஜனை விடுவிக்கிறது. ஆக, கிடைக்கும் ஹைட்ரஜனில் ஒரு பங்கு மரத்திலிருந்தல்ல, நீரிலிருந்தே வருகிறது. நான் மயங்கியது இதில்தான். முதல் வினை வெப்பத்தை விழுங்கும் என்பதால், ஆஸ்திரியாவின் கியூசிங் ஆலையில் எஞ்சிய கரியைத் தனிப் படுகையில் எரித்து, சூடேறிய ஆலிவின் என்னும் கனிம மணலை இரண்டு படுகைகளுக்கும் இடையே சுற்றவிட்டு, சுமார் 850 பாகை செல்சியஸில் மரத்தை வாயுவாக்கினார்கள்.

ஆனால் தார் விடுவதாயில்லை. வாயு 350 பாகைக்குக் கீழே குளிர்ந்தாலே அது படியத் தொடங்குகிறது. நீரால் கழுவினால் அழுக்கு வாயுவிலிருந்து நீருக்கு இடம் மாறுகிறதே தவிர ஒழிவதில்லை. நிக்கல் வினையூக்கி தாரை நன்றாகவே சிதைக்கும், ஆனால் கந்தகமும் கரிப்படிவும் அதை விரைவில் முடக்கிவிடும். ஆகவே படுகையிலேயே சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தேன். அது தாரையும் ஓரளவு உடைக்கிறது. 650 பாகையளவில் கரியமில வாயுவை உறிஞ்சி, வினையை ஹைட்ரஜன் பக்கமே தள்ளுகிறது. வழக்கமாக உலர்ந்த வாயுவில் 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் ஹைட்ரஜன், இம்முறையில் 60-ஐயும் தாண்டக்கூடியது.

என் கவலை இதற்கப்பால்தான், ராகவா. கரியமில வாயுவை உறிஞ்சிய சுண்ணாம்பை, அந்த வாயுவை வெளியேற்ற மீண்டும் சுட்டெடுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. சில சுற்றுகளிலேயே பாதித் திறன் போய்விடுகிறது, போதாததற்குப் பொடிந்து வாயுவோடு பறக்கவும் செய்கிறது. வெப்பத்தைக் குறைத்தால் சுண்ணாம்பு பிழைக்கும், தார் கூடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறேன். நீயோ சுண்ணாம்புக் காளவாயில் இருபது ஆண்டு நின்றவன். எந்தச் சுண்ணாம்புக்கல் பொடியாமல் சுடுபடும், எவ்வளவு மெதுவாகச் சுட்டால் துளைகள் மிஞ்சும் என்று உடனே எழுது. முடிந்தால் இரண்டு வகைக் கற்களில் கைப்பிடியளவு அனுப்பி வை.

உன்,
சேகர்