இயற்பியல் ஆசிரியர்களுக்கு: முதலில் மியூவானைக் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களே,

காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் பற்றிய பாடத்தை இனிமேல் கரும்பலகையில் தொடங்காதீர்கள். நான் அதை இரண்டு வரி வரையறையாக மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்தும் போனேன். பல வருடம் கழித்து, துகள் போன தடத்தை ஆவியில் கோடாகக் காட்டும் ஒரு முகில் அறைக்குள் எட்டிப் பார்த்த அன்றுதான், இது இத்தனை நாளும் என் உடம்பு வழியாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று உறைத்தது.

பெரிய செலவு இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே மேல்பக்கம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட் துணி, அடியில் கறுப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), பக்கவாட்டில் ஒரு டார்ச், அவ்வளவுதான். உலர்பனி மைனஸ் 78 டிகிரி, அதனால் கையுறை கட்டாயம், அறையில் காற்றோட்டமும் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் தகட்டை ஒட்டி மெல்லிய தூறல் போல ஆவி இறங்கும், அதற்கு நடுவே சட்டென்று ஒரு வெள்ளைக் கோடு விழுந்து கலையும். மெல்லிசாக, நேராக, நீளமாகப் போனால் பெரும்பாலும் மியூவான், காஸ்மிக் கதிர் மேலே காற்றில் மோதுவதால் பிறக்கும் துகள். குட்டையாகத் தடித்திருந்தால் அது காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு விட்ட ஆல்ஃபா துகள், விண்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், மாணவர்களே கேட்பார்கள்.

அதற்குப் பிறகு, காஸ்மிக் கதிரைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் கதையைச் சொல்லிப் பாருங்கள். கதிர்வீச்சு தரையிலிருந்துதான் வருகிறது, மேலே போனால் குறையும் என்று பலரும் நம்பியிருந்தபோது, 1912 ஆகஸ்டில் அவர் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தார், அது கூடியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போதும் பறந்திருந்தார், அப்போது அளவு குறையவில்லை, ஆக முக்கியக் காரணம் சூரியனும் இல்லை.

வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடும் என்கிற சார்பியலுக்கும் இதே கோடு போதும். ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் அது பிறப்பதோ ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில்! எப்படித் தரைவரை வந்து சேர்ந்தது என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

நேரமில்லை, வீடியோ போட்டால் போதாதா என்பீர்கள். போதாது. வீடியோவில் தெரிவது எங்கோ, என்றோ விழுந்த துகள். தொட்டியில் தெரிவது இந்தக் கூரையைத் துளைத்து இப்போது வந்தது. இரண்டு பீரியட் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், உலர்பனி தீரும்வரை யாரும் மேசையை விட்டு நகர மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவர்