பழங்குடி மாணவர்கள் நிலவியல் படிக்க வழி செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை தொடங்கும்போதெல்லாம் மலை மாவட்டங்களின் நிலச்சரிவு அபாயம் குறித்துத் தங்கள் இதழ் அக்கறையோடு எழுதிவருகிறது. அந்த அபாயத்தை ஆராயும் நிலவியல் துறைக்கு மலைவாழ் மக்களின் பிள்ளைகள் வராமலிருப்பதைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன். கொல்லிமலையில் பல ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய எனக்கு, செவிலியர் ஆக வேண்டும், காவல்துறையில் சேர வேண்டும் என்று சொன்ன மாணவர்களை நன்றாக நினைவிருக்கிறது. நிலவியல் படிக்கப்போகிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படியொரு படிப்பு இருப்பதும் அதற்கு அரசு வேலை இருப்பதும் அவர்கள் காதில் விழுவதே இல்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில், மேலே செம்மண், நடுவே கை பட்டால் உதிரும் மக்கிய பாறை, அடியில் சார்னோகைட் எனும் கருநிறக் கெட்டிப் பாறை என்று அடுக்குகள் தெளிவாகத் தெரியும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மக்கிய பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, "மழை விட்ட பிறகும் இங்கதான் சார் தண்ணி கசியும், கலங்கலா வந்தா இந்தப் பக்கம் மாடு ஓட்ட மாட்டோம்" என்றாள். மண்ணுக்குள் இறங்கும் நீர் கெட்டிப் பாறையில் தடைபட்டுத் தேங்கி, அதன் அழுத்தம் கூடக்கூட மேலிருக்கும் மண் பிடிமானம் இழந்து சரிகிறது என்று நிலவியல் விளக்குவதில் பாதியை அவள் கண்ணால் பார்த்தே அறிந்திருந்தாள். மீதிப் பாதியைச் சொல்லித்தர எங்கள் பள்ளியில் பாடம் இல்லை.

2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 200-க்கும் மேற்பட்டோரும் நிலச்சரிவில் உயிரிழந்தார்கள். எந்த ஓடை புதிதாகக் கலங்குகிறது, எந்தச் சரிவில் மரங்கள் சாயத் தொடங்கியிருக்கின்றன என்பதை முதலில் பார்ப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். அவர்களில் ஒருவரே பயிற்சி பெற்ற நிலவியலாளராக இருந்தால், அந்தச் செய்தி அபாய வரைபடத்திலும் எச்சரிக்கையிலும் இடம்பெறும் என்று உறுதியாக நம்புகிறேன். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டபோது, அதனால் ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதும் இடத்தில் மலைவாசி ஒருவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

படிப்புக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே நிலவியல் துறை உள்ளது. முதுநிலை முடித்தவர்கள், யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேரலாம். மத்திய அரசுப் பணிகளில் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. ஆனால் அந்தத் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழ்வழியில், அதுவும் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளை அந்த இடைவெளியைத் தனியாகக் கடக்க முடியாது. கல்லூரி முதலாண்டிலிருந்தே ஆங்கிலப் பயிற்சி அளித்து, களப்பயணச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். பாறையை நேரில் பார்க்காமல் இந்தப் பாடம் படிக்க இயலாது, களப்பயணத்துக்குப் பணம் கட்ட முடியாமல் பின்தங்குவது கொடுமை.

சாதிச் சான்றிதழ் இன்னொரு தடை. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும் என்பதால், விசாரணை நீண்டு, கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகு சான்றிதழ் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன். கொல்லிமலையில் பழங்குடியினராக ஏற்கப்படும் மலையாளி சமூகத்தவர் (கேரள மலையாளிகள் அல்லர், இம்மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள்), ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் அவ்வாறு ஏற்கப்படுவதும் இல்லை.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் செலுத்தும் தொகையைக் கொண்டு மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இயங்குகின்றன. கல்வி அவற்றின் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. அந்த நிதியிலிருந்து, மலை ஒன்றியங்களின் பள்ளிகளில் பயிலும் மாணவர்களுக்கு நிலவியல் பட்டப்படிப்பு முடியும் வரை உதவித்தொகை வழங்குமாறு சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.