கறியில மருந்து இல்லன்னா கிருமியும் இல்லன்னு ஆயிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த கறிக்கோழி கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா ஆன்டிபயாடிக் மிச்சம் இல்லன்னு டெஸ்ட்ல வந்துட்டா பயப்பட ஒண்ணுமில்லன்னு முடிச்சிருந்தது மட்டும் உறுத்திட்டே இருக்கு. நான் சேலத்துல ஒரு லேப்ல பதினாலு வருஷமா மைக்ரோபயாலஜி டெக்னீஷியன், அதான் இத எழுதுறேன்.

கோழிக்குக் குடுக்குற மருந்த வெட்டுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டா அது உடம்ப விட்டுப் போயிடும். ஆனா அந்த மருந்துக்குத் தப்பிப் பொழச்ச கிருமி குடல்ல இருக்கும், உரிக்கும்போது கறியில ஒட்டும், அப்புறம் நம்ம வீட்டு சிங்க் வரைக்கும் வரும். மருந்து மிச்சம் பாக்குற டெஸ்ட் வேற, கிருமியப் பாக்குற டெஸ்ட் வேற. (சிக்கன் சாப்பிடாதீங்கன்னு சொல்ல வரல, எங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை உண்டு. நல்லா வெந்தா கிருமி செத்துடும், கறி வெட்டுன பலகையிலயே வெங்காயம் நறுக்குறதுதான் வம்பு.)

கொலிஸ்டின்னு ஒரு மருந்து. ஐசியூல வேற எதுவும் கேக்காதப்போ டாக்டருங்க கடைசியா எடுக்குறது. அதையே நம்ம நாட்டுல கோழித் தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க, 2019 ஜூலைலதான் மத்திய அரசு தடை போட்டுச்சு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2015 நவம்பர்ல, இந்த மருந்துக்கு அடங்காத எம்சிஆர்-1ங்கிற ஜீன சீனாக்காரங்க கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. அது கிருமிக்குள்ள இருக்குற பிளாஸ்மிட்ங்கிற குட்டி டிஎன்ஏ வளையத்துல உக்காந்திருக்கு, ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு பீடி நெருப்பு குடுக்குற மாதிரி குடுத்துட்டுப் போயிடும், இ.கோலைங்கிற கிருமில இருந்து கிளெப்சியெல்லாங்கிற வேற வகைக் கிருமிக்குக்கூட.

இங்கதான் டென்மார்க்காரங்க செஞ்சத சொல்லணும். அவங்க ஏற்கெனவே சுமார் மூவாயிரம் கிருமியோட ஜீனோம, அதாவது மொத்த டிஎன்ஏ எழுத்தையும் வரிசையாப் படிச்சு (அதான் சீக்வென்சிங்) கம்ப்யூட்டர்ல வெச்சிருந்தாங்க. சீனா செய்தி வந்ததும் கிருமி வளக்குற பிளேட் புதுசா ஒண்ணு கூடப் போடல, அம்பது லட்சம் எழுத்து இருக்குற ஒவ்வொரு ஃபைல்லயும் இந்த ஜீனோட ஆயிரத்து அறுநூத்திச் சொச்சம் எழுத்து இருக்கான்னு தேடுனாங்க, அவ்ளோதான். வெளிநாட்டுல இருந்து 2012க்கும் 2014க்கும் நடுவுல வந்த கோழிக்கறியில அஞ்சு கிருமி, 2015ல ரத்தத்துல தொற்று வந்த ஒரு நோயாளிகிட்ட ஒண்ணுன்னு மாட்டுச்சு. டிசம்பர் 10க்குள்ள கட்டுரையே வந்துடுச்சு. அந்தக் கறிய டெஸ்ட் பண்ண 2012ல இந்த ஜீனுக்குப் பேரே கிடையாது, ஆனா பதில் மட்டும் ஏற்கெனவே ஃபைல்ல தூங்கிட்டு இருந்திருக்கு!

எங்க வேலைல என்ன நடக்குதுன்னா, பிளேட்ல மருந்து ஏத்துன டிஸ்க் வெச்சு மறுநாள் ஸ்கேல் வெச்சு சுத்தி கிருமி வளராம இருக்குற வட்டத்த மில்லிமீட்டர்ல அளந்து எஸ் (மருந்து கேக்கும்), ஆர் (கேக்காது)னு எழுதுவோம் (கொலிஸ்டினுக்கு மட்டும் டிஸ்க் சரிப்படாது, அது பிளேட்ல இருக்குற அகார் ஜெல்லில ஒழுங்கா பரவாது, தனியா பிராத்ங்கிற திரவத்துல பாக்கணும்). இந்த எந்த மருந்து கேக்கும்ங்கிற பதில் டாக்டருக்குப் போதும், சீக்வென்சிங் வந்தாலும் பிளேட் வேணும்தான், ஏன்னா ஜீன் இருந்தா எப்பவுமே மருந்து கேக்காதுன்னு இல்ல. ஆனா ரெண்டு பேர்கிட்ட வந்த கிருமி ஒரே எடத்துலேருந்து வந்துச்சாங்கிறத 'ஆர்'ங்கிற ஒரு எழுத்து சொல்லாது. போன வருஷம் கறிக்கடைல வேலை பாக்குற ஒரு அக்காவோட யூரின் கல்ச்சர்ல டிஸ்க் சுத்தி ஒரு வட்டம் கூட விழல, பிளேட் முழுக்க புல் மொளச்ச மாதிரி இருந்துச்சு. ரிப்போர்ட் போச்சு, வெள்ளிக்கிழமை பிளேட்ட ஆட்டோகிளேவ்ல போட்டுக் கிருமியக் கொன்னுட்டோம், அது கடைலேருந்து வந்ததா வேற எங்கயாவதான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது.

சீனாவும் 2017ல தீவனத்துல கொலிஸ்டின நிறுத்துச்சு, அப்புறம் அந்த ஜீன் கொறஞ்சத அளந்தே காட்டுனாங்க. நம்ம தடைக்கு அப்புறம் பல்லடம் பக்கத்துப் பண்ணைலயும் நாமக்கல்லுலயும் கொறஞ்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும் சார். மருந்துக்கு அடங்காத கிருமியக் கண்காணிக்க மனுசங்க பக்கம் ஐசிஎம்ஆரோட (மத்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நெட்வொர்க் இருக்கு, கால்நடை, மீன் பக்கம் இன்ஃபார்ங்கிற நெட்வொர்க் இருக்கு. ரெண்டு பக்கத்து கிருமியோட ஜீனோமும் ஒரே எடத்துல, யார் வேணா தேடுற மாதிரி கெடக்கணும், அமெரிக்கால உணவு, பண்ணை, நோயாளி மூணுகிட்டேருந்து வர்றதையும் அப்படித்தான் பொதுவுல போட்டு வெச்சிருக்காங்க. மெஷின் பெருசுன்னு சாக்கு சொல்ல முடியாது, லேப்டாப்ல சொருகுற உள்ளங்கை அளவு சீக்வென்சரே வந்தாச்சு.

கட்டுரை எழுதுனவங்க அடுத்த தடவ அதிகாரிங்கள பாக்கும்போது எத்தன சாம்பிள் பாஸ், எத்தன ஃபெயில்னு கேக்குறதோட, அந்த சாம்பிள்ல வளந்த கிருமிய எங்க வெச்சிருக்கீங்கன்னும் கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
சேலம்.