ஏதாவது ஒரு கேஸ் டார்ச் போதும்னு எழுதாதீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, சைக்கிள் ஃபிரேமை சொந்தமா கையால செய்ய ஆரம்பிச்சிருக்கிற பசங்கள பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். அம்பத்தூர் பக்கம் 30 வருஷமா ஃபிரேம் ஒட்டுற வேலையிலயே இருக்கேன், இந்த வேலைய பத்தி ஒரு பேப்பர்ல அரைப்பக்கம் வரும்னு நெனச்சதே இல்ல, மனசுக்கு அவ்வளவு நிறைவா இருந்துச்சு. ஆனா டியூபு, டியூபுகள அசையாம பிடிச்சு வைக்கிற ஜிக், பெயிண்ட் செலவெல்லாம் விவரமா எழுதிட்டு, டியூபுகள ஒட்ட தீ கொடுக்கிற டார்ச்சுன்னு வந்ததும் "ஏதாவது ஒரு கேஸ் டார்ச் போதும்"னு ஒத்த வரியில முடிச்சிட்டீங்க. அந்த வரிய நம்பி யாராவது கடைக்கு கிளம்பிடக் கூடாதுன்னு தான் இத எழுதுறேன்.

ஃபிரேம் ஒட்டும்போது இரும்பு உருகறதில்ல, நடுவுல விடுற ராடு தான் உருகி ஒட்டும், இதுக்கு பேரு பிரேசிங். இரும்பு உருக 1500 டிகிரி கிட்ட வேணும், பித்தளை ராடு 900 டிகிரி பக்கத்துல ஓடிடும், வெள்ளி அதிகமா கலந்த ராடு 650லயே ஓடும். லக்குக்கும் (டியூபுகள சேக்கிற மூட்டு உறை) டியூபுக்கும் நடுவுல இருக்கிற முடி அளவு சந்துக்குள்ள அது தானா இழுத்துக்கிட்டு போகும், எந்தப் பக்கம் சூடோ அந்தப் பக்கம் போகும். அதனால டார்ச்சோட வேலை இரும்ப உருக்கறது இல்ல, சூட்ட கூட்டிக்கிட்டு போறது. பெடல் அச்சு உக்கார்ற கெட்டியான பிபி ஷெல்லு சூட்ட முழுங்கிக்கிட்டே இருக்கும், பக்கத்துல இருக்கிற டியூபு நல்ல பட்டட் டியூபா (ஓரம் கனமா, நடு மெல்லிசா செஞ்சது) இருந்தா ஓரத்துல 0.8 மில்லிமீட்டர் கனம், நடுவுல 0.5 மில்லிமீட்டர் தான், கண்ண மூடி திறக்கறதுக்குள்ள மஞ்சளா போயிடும். ரெனால்ட்ஸ் 531னு 1935ல வந்த டியூபு இன்னும் பழைய ரேஸ் சைக்கிள்ல ரிப்பேருக்கு வருது, அத இரும்ப உருக்கி வெல்டு அடிச்சா பலம் போயிடும், பிரேசிங் தான் பண்ணணும்.

எனக்கு வேலை கத்துக்கொடுத்தது என் மாமா. அவரு இல்லாத ஒரு நாள் அவசரத்துக்கு பக்கத்து பட்டறையில இருந்து தடிமனான தகடு வெல்டு அடிக்கிற பெரிய டார்ச்ச கடன் வாங்கிட்டு வந்து ஒரு சீட் டியூபு ஒட்டினேன். பித்தளையில இருந்து வெள்ளப்புகை வந்துச்சு, அது துத்தநாகம் எரியறதுன்னு அப்ப எனக்கு தெரியாது, வேலை சீக்கிரம் முடிஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டேன். அன்னிக்கு ராத்திரி குளிர் காய்ச்சல். நாலு மாசம் கழிச்சு அந்த சைக்கிள் லக்குக்கு ஒரு விரல் கீழ வெடிச்சு திரும்பி வந்துச்சு, ஓட்டுனவருக்கு அடி படாதது அவரு அதிர்ஷ்டம். மாமா திட்டல, டியூப அறுத்து உள்ள கருகிப் போயிருந்த இடத்த காட்டி "தீய குத்தாதடா, தடவு"ன்னாரு, அவ்வளவுதான்.

தடவணும்னா டார்ச் கைக்கு லேசா இருக்கணும். லக்க சுத்தி கை திரும்பிக்கிட்டே இருக்கும், கனமான பெரிய பிடியும் தடிச்ச ஓஸும் இருந்தா பத்தாவது நிமிஷம் மணிக்கட்டு சொன்னபடி கேக்காது. சின்ன பிடி, மெல்லிசான ஓஸ், வால்வு திருகு விரல் எட்டுற தூரத்துல, இத முதல்ல பாருங்க. அப்புறம் கடைக்காரர் கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, இது இன்ஜெக்டர் டைப்பா ஈக்குவல் பிரஷர் டைப்பான்னு. இன்ஜெக்டர்ல ஆக்சிஜன் வேகமா பாய்ஞ்சு கேஸ உறிஞ்சி இழுக்கும், அதுக்கு ஆக்சிஜன் 2 பார் அழுத்தத்துக்கு மேலயே வேணும். ஈக்குவல் பிரஷர் டார்ச்சுல சின்ன நாசிலுக்கு (தீ வர்ற முனை) ஆக்சிஜன், கேஸ் ரெண்டு பக்கமும் கால் பார், அரை பார் வச்சாலே அமைதியான தீ கிடைக்கும், ஃபிரேம் வேலைக்கு எனக்கு பிடிச்சது இதுதான்.

கேஸ் விஷயத்துல அசிட்டிலின் தீ 3100 டிகிரிக்கு மேல போகும், எல்பிஜி 2800 கிட்ட. ரெண்டுமே நமக்கு தேவைக்கு மேல தான், அதனால சூடு பத்தாதுன்னு எல்பிஜிய ஒதுக்க வேண்டாம். அசிட்டிலின்ல தீயோட உள்கூம்பு கூர்மையா பளிச்சுன்னு தெரியும், கேஸ் கூடினா கூம்ப சுத்தி ஒரு இறகு மாதிரி நிக்கும், ஆக்சிஜன கொஞ்சம் கொஞ்சமா திறந்து அந்த இறகு கூம்புக்குள்ள போய் சேர்ற இடம் தான் நியூட்ரல், அதாவது கேஸும் ஆக்சிஜனும் சரியா கலந்த தீ, கத்துக்கறவங்களுக்கு கண்ணு சீக்கிரம் பழகிடும். எல்பிஜில கூம்பு அவ்வளவு தெளிவா தெரியாது, ஆனா தீ பரவலா மென்மையா இருக்கும், லக்கு மொத்தத்தையும் ஒரே சீரா சூடேத்த எனக்கு இதுவே வசதி. அதுக்கு ஆக்சிஜன் செலவு ஜாஸ்தி, அசிட்டிலினுக்கு ஏறக்குறைய ஒண்ணுக்கு ஒண்ணுன்னா எல்பிஜிக்கு ஒண்ணுக்கு நாலு. நாசிலும் வேற, எல்பிஜி நாசிலோட வாய் உள்ளடங்கி குழிஞ்சு இருக்கும், இல்லன்னா தீ நாசில விட்டு தாவி அணைஞ்சுக்கிட்டே இருக்கும். அசிட்டிலின் நாசில எல்பிஜில மாட்டிட்டு டார்ச் சரியில்லன்னு திருப்பி கொடுத்த பசங்கள பாத்திருக்கேன்.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டர தொழிலுக்கு வைக்கிறது சட்டப்படி தப்பு, 19 கிலோ கமர்ஷியல் வாங்குங்க. அடுப்பு ரெகுலேட்டர் தர்ற அழுத்தம் சுமார் 30 மில்லிபார் தான், கூட்டி குறைக்கிற மாதிரி தனி ரெகுலேட்டர் வேணும்.

அமெரிக்காவுல வீட்டுல ஃபிரேம் செய்றவங்க நிறைய பேரு ஆக்சிஜன் சிலிண்டருக்கு பதிலா காத்துல இருந்து ஆக்சிஜன பிரிச்சு தர்ற ஆஸ்பத்திரி கான்சன்ட்ரேட்டர வச்சு புரொப்பேன்ல ஒட்டுறாங்க. நம்ம ஊர்லயும் கொரோனா நேரத்துல வாங்கினது எத்தனையோ வீட்டுல சும்மா கிடக்கு. நிமிஷத்துக்கு 5 லிட்டர் தர்ற மெஷின்ல, ஈக்குவல் பிரஷர் சின்ன டார்ச் வச்சா வெள்ளி ராடு வேலையும் சின்ன லக்கும் தாராளமா ஆகும், அழுத்தம் கம்மிங்கறதால இன்ஜெக்டர் டார்ச் அதுல சரிப்படாது, பிபி ஷெல்லுக்கு பித்தளை ஓட்டணும்னா திணறும். வீட்டுல யாருக்காவது மூச்சுக்கு தேவைப்படும்னா அந்த மெஷின தொடவே தொடாதீங்க.

கட்டுரையில பாதுகாப்பு பத்தி கண்ணாடி போடணும்னு மட்டும் இருந்துச்சு. அசிட்டிலின 1 பாருக்கு மேல ரெகுலேட்டர்ல ஏத்தவே கூடாது, ஆக்சிஜன் சேராமலேயே தானா வெடிக்கிற கேஸ் அது, அதனால தான் சிலிண்டருக்குள்ள அசிட்டோன்ல கரைச்சு வச்சிருக்காங்க. படுக்க வச்சு வண்டியில கொண்டு வந்தா நிமித்தி வச்சு ரொம்ப நேரம் கழிச்சு தான் திறக்கணும். அந்த லைனுக்கு செம்பு பைப் கூடவே கூடாது. ஆக்சிஜன் பக்கம் ஒரு பொட்டு எண்ணெயும் படக்கூடாது, சைக்கிள் கடைக்காரங்க கையில கிரீஸ் இல்லாத நேரம் ஏது, அதான் அழுத்தி சொல்றேன். ரெண்டு லைனுக்கும் தீ பின்னால பாயறத தடுக்கிற ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் போடுங்க, "நான்-ரிட்டர்ன்" (non-return) வால்வு இருக்கே போதும்னு கடையில சொல்வாங்க, அது கேஸ் திரும்பறத தடுக்கும், தீய தடுக்காது. டார்ச்சுல மிச்சம் பிடிச்சாவது இத வாங்குங்க. வெள்ளி ராடு வாங்கினா கேட்மியம் இல்லாததான்னு கேட்டு வாங்குங்க, நகைக்கடையில கேடிஎம்னு சொன்னாங்களே அதே கேட்மியம் தான், அதோட புகை நுரையீரல்ல போனா ஆளையே கொல்லும்.

இன்னொண்ணு, கட்டுரையோட போட்டிருந்த படத்துல இருக்கிறது பிரேசிங் டார்ச்சே இல்ல. மூணு குழாயும் கைப்பிடியில லீவரும் வச்ச அது இரும்பு அறுக்கிற கட்டர், லீவர அமுக்கினா நடு ஓட்டை வழியா வர்ற ஆக்சிஜன்ல டியூபு துண்டாகிடும். அடுத்த வாரம் தொடர்ச்சி வரும்னு போட்டிருக்கீங்க, அதுல சின்ன டார்ச் படம் ஒண்ணு, அசிட்டிலின் நாசில் வாயும் எல்பிஜி நாசில் வாயும் பக்கத்துல பக்கத்துல தெரியற மாதிரி ஒண்ணு போடுங்க ஐயா. போட்டோ எடுக்க ஆள் அனுப்பினா என் பட்டறையில ரெண்டும் இருக்கு.

இப்படிக்கு,
ஃபிரேம் வேலை செய்யும் ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை