ஆண்டறிக்கை: புறநகரிலிருந்து புதுச்சேரி நகருக்குள் பத்திரமாக வரும் சைக்கிள் வழிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன்.

சென்ற பேரவையின் முடிவுப்படி இந்த ஆண்டு பேரணி நடத்துவதை நிறுத்திவைத்து, முழு உழைப்பையும் ஒரே வேலையில் போட்டோம். காலாப்பட்டு, இலாசுப்பேட்டை, கோரிமேடு, வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கமிருந்து தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் சைக்கிளில் வருகிறவர்கள் எந்த வழியாக வரலாம் என்று ஓட்டிப் பார்த்து எழுதிவைப்பதுதான் அந்த வேலை.

வழி பார்த்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு வேறு பகுதிகளைப் பார்க்கப்போகும் உறுப்பினர்களுக்கு அது தேவைப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் எல்லாச் சாலையும் நல்ல சாலைதான். அதனால் வேலை நாளில், காலை 8 முதல் 9.30 வரையிலும் மாலை 5 முதல் 7 வரையிலும், போகவும் வரவும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போகும்போது இடப்பக்கம் இருக்கும் கடையும் பஸ் நிறுத்தமும் திரும்பும்போது எதிர்ப்பக்கம் போய்விடும். ஒரே சாலை இரண்டு சாலையாக நடந்துகொள்ளும். இருவர் சேர்ந்து போவது நல்லது. முன்னால் போகிறவர் ஓட்டுவதை மட்டும் கவனிக்க, பின்னால் வருகிறவர் சற்று இடைவெளி விட்டு, வண்டிகள் எங்கே நெருக்குகின்றன என்று பார்த்து, நின்று குறித்துக்கொள்வார். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அது 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், ஒதுங்கி மண்ணில் இறங்கிய சைக்கிள் மறுபடி தாரில் ஏறும்போது முன் சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே போய் ஆளைச் சாலைப் பக்கம் தள்ளிவிடும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலைக்கு இணையாகப் போகின்றனவா, குறுக்கே போகின்றனவா என்பதும் முக்கியம். இணையாக இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும்.

இப்படிப் பார்த்ததில் தெளிவானது இது. நெடுகிலும் நெரிசலாக இருக்கும் தெருவில் எல்லோரும் மெதுவாகப் போவதால் அங்கே பயம் குறைவு. வேகம் மாறும் இடங்களும், வண்டிகள் குறுக்கே வெட்டித் திரும்பும் சந்திப்புகளும்தான் ஆபத்தானவை. ஒன்பது கிலோமீட்டர் நிம்மதியாக வந்து ஒரே சந்திப்பில் உயிரைக் கையில் பிடித்துக் கடக்க வேண்டியிருந்தால், அந்த வழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு வழியையும் அதில் உள்ள மிக மோசமான சந்திப்பை வைத்தே தரம் பிரித்திருக்கிறோம்.

வடக்கு வழி. காலாப்பட்டிலிருந்து ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்றுதான் நேர்வழி. இடையில் தமிழ்நாட்டு ஊர்கள் வருகின்றன; கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். ஒரு விளக்குக் கம்பம் எரியவில்லை என்றால் மனு எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்தே எழுத வேண்டும். கோட்டக்குப்பம் கடைத்தெருவைத் தாண்டி சிவாஜி சிலைக்கு வந்ததும் பஸ்ஸும் லாரியும் ஈ.சி.ஆரோடு வலப்பக்கம் போய்விடும். நாம் நேராக முத்தியால்பேட்டைக்குள் நுழைந்துவிடலாம். காலையில் இது சுலபம். மாலையில்தான் கவனம் வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே ஏறும்போது ஈ.சி.ஆர். வண்டிகள் நம் இடப்பக்கத்திலிருந்து வந்து சேர்வதால், ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். சிக்னலில் முன்வரிசையில் நின்று, தலையைத் திருப்பிப் பார்த்து, சேர்ந்து முடித்த பிறகே மறுபடி ஓரம் போக வேண்டும்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வழியாக அஜந்தா சிக்னலுக்கு வருவதைவிட, கிழக்கே ஒதுங்கி சோலை நகர், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் தெருக்கள் வழியாக வருவதையே சிபாரிசு செய்கிறோம். கனரக வண்டி கிடையாது. ஆனால் அது மீனவர்கள் வாழும் இடம். வலை உலர்த்துவார்கள், குழந்தைகள் வாசலில் விளையாடும். அங்கே மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. தரையில் கிடக்கும் நைலான் கயிறு பின் சக்கரத்தில் சுற்றினால் பிரீவீலுக்குள் (பின் சக்கரத்தின் பல்சக்கரம்) போய் இறுகிவிடும், கத்தி வைத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இலாசுப்பேட்டைக்காரர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஈ.சி.ஆரை சிக்னலில் குறுக்காகக் கடந்து கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர், வெங்கட்டா நகர் உள்தெருக்களில் வந்து 45 அடி சாலையைத் தொட்டு காமராஜர் சாலைக்கு வரலாம். ராஜீவ் காந்தி சிலை இருக்கும் சதுக்கத்தின் பக்கமே போக வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் இதை மறந்துவிட வேண்டும். கிருஷ்ணா நகரும் ரெயின்போ நகரும் தண்ணீர் நிற்கும் பகுதிகள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அங்கே பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரண மழைக்கே வாய்க்காலும் சாலையும் ஒன்றாகிவிடும் இடங்கள் உண்டு. பெடல் கீழே வரும்போது தண்ணீரைத் தொடுகிறது என்றால் தரை தெரியாத ஆழம். இறங்கித் தள்ளவும் கூடாது, திரும்பிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இலாசுப்பேட்டைக்கு மாற்று வழி கருவடிக்குப்பம், சிவாஜி சிலை, முத்தியால்பேட்டை.

கோரிமேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு உள்வழி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அமையவில்லை. காலையில் இறக்கம், வேகம் தானாகவே ஏறும், அந்த வேகத்தோடு ராஜீவ் காந்தி சதுக்கத்துக்குள் நுழையக் கூடாது. முன்பே இறங்கி, நடப்பவர்கள் கடக்கும் இடத்தில் தள்ளிக்கொண்டு கடந்து, காமராஜர் சாலையில் ஏறிக்கொள்வதே சரி. இரண்டு நிமிடம்தான் கூடுதல். வழுதாவூர் சாலையில் மேட்டுப்பாளையம் பக்கம் லாரிகள் அதிகம். நின்றுகொண்டிருக்கும் லாரியின் இடப்பக்கம் புகுந்து முன்னால் போகவே கூடாது. டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்மூலையில் நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தைவிட உள்ளே வெட்டி வரும். அந்த இடுக்கில் மாட்டினால் தப்ப இடமில்லை.

மேற்கு வழிக்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டோம். வில்லியனூரிலிருந்து நகருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர், சாதாரண மிதியில் நாற்பது நிமிடம். பிரதான சாலையில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம், மூலக்குளம், ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சதுக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேம்பாலத்தில் ஏறும்போது சைக்கிளின் வேகம் எட்டு கிலோமீட்டருக்கு இறங்கும். மற்ற வண்டிகள் அங்கேதான் முறுக்குவார்கள். பயந்து கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகிறார்கள், அது தவறு. மணலும் கண்ணாடித் துண்டும் ஒதுங்கிக் கிடப்பது அந்த ஓரத்தில்தான். தடுமாறினால் விழ இடமும் இல்லை. சுவரிலிருந்து ஒரு மீட்டர் விட்டு, நேர்கோட்டில், கியர் இருந்தால் ஏறுவதற்கு முன்பே குறைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

இந்த வழிக்கு இன்னொரு தொல்லை வெயில். சாலை கிழக்கு மேற்காகப் போவதால் காலையில் நகரை நோக்கி வரும்போதும் மாலையில் திரும்பும்போதும் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் மிக மோசம். நமக்குக் கண் கூசுவது பெரிதில்லை, பின்னால் வரும் டிரைவருக்கும் அதே கூச்சம்தான், நம்மைப் பார்க்கவே மாட்டார். ஆகவே வில்லியனூர் வழிக்காரர்கள் பகலிலும் சிவப்புப் பின்விளக்கை மினுக்கவிட்டு ஓட்ட வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் வீடு திரும்பும்போது அது முதுகில் தள்ளும். இந்த வழிக்குக் கிடைத்த ஒரே சலுகை.

இந்திரா காந்தி சதுக்கம் மழைக்குத் தண்ணீர் கட்டும் இடம். அங்கிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை மேம்பாலம் கட்ட 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். தூண் வேலைக்குத் தடுப்பு வைக்கும்போது சாலை குறுகி, முதலில் காணாமல் போவது சைக்கிள் போகும் ஓரம்தான். அதனால் வில்லியனூர்க்காரர்கள் ஒதியம்பட்டு, கொம்பாக்கம், முருங்கப்பாக்கம் வழியை இப்போதே பழகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். சுற்றுதான், ஆனாலும் பெரிய சதுக்கம் இல்லை. குறை ஒன்று உண்டு: தெரு விளக்கு விட்டுவிட்டுத்தான் எரிகிறது. நவம்பர் கடைசியில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால், பள்ளம் தெரியும் அளவுக்கு முன்விளக்கு இல்லாமல் அந்த வழியில் மாலை வரக் கூடாது.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஆற்றைக் கடக்க அரியாங்குப்பம் பாலம்தான் கதி, அதன்பின் முருங்கப்பாக்கம், நைனார்மண்டபம், மரப்பாலம், முதலியார்பேட்டை என்று கடலூர் சாலையே வழி. டெம்போக்கள் கை காட்டிய இடத்தில் நிற்கும். நின்ற டெம்போவை இடப்பக்கம் முந்தினால் இறங்குகிறவர் மேல் மோதுவோம். மரப்பாலத்தில் 100 அடி சாலை வந்து சேர்கிறது, அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் நேராகக் கடந்து, எதிர் முனையில் நின்று, அடுத்த சிக்னலுக்கு மறுபடி நேராகக் கடக்கட்டும். ஏ.எஃப்.டி. பஞ்சாலை அருகிலுள்ள ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய இடைவெளியில் இறங்கும், மழை நாளில் இரும்பின் மேல் டயர் வழுக்கும். கேட் திறந்ததும் இரு பக்கமும் சாலை முழுக்க நின்ற வண்டிகள் ஒன்றோடொன்று முட்டும். அந்த முதல் கூட்டம் போகட்டும்.

நகருக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் தெருக்கள் சதுரம் சதுரமாக இருப்பதால் பிரச்சினை குறைவு. நிறுத்திவைத்த கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கதவு திறப்பார்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பதால் அதிகாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பகுதி நிம்மதி.

சைக்கிள் பராமரிப்பு முகாம்களில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளையும் பதிவு செய்கிறேன். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் பல மடங்கு கூடும், அலுமினிய ரிம்மில் அவ்வளவு இல்லை. மழை தொடங்கியதும் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்தபடி வர வேண்டும். உப்புக்காற்றில் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நின்றுவிடுகிறது; ஐப்பசிக்கு முன் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டுங்கள், நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். செயினுக்குப் பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அதிலுள்ள கசடு அரைத்துவிடும். நல்ல எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தால் மணல் ஒட்டாது. பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கம் விரலால் தடவாமல் மாட்டுகிறார்கள். கருவேல முள் உள்ளேயே இருக்கும், அரை மணியில் மறுபடி இறங்கும். பழைய மாதிரி வால்வு உள்ளவர்கள் பையில் இரண்டு வால்டியூப் (வால்வின் மேல் மாட்டும் ரப்பர் குழாய்) துண்டு வைத்திருங்கள்; பஞ்சர் இல்லாமலே காற்று இறங்குவதற்கு, வெயிலில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் இற்றுப்போவதே காரணம்.

சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு மூன்று கோரிக்கைகள் கொடுத்திருக்கிறோம். வடிகால் மூடிகளின் கம்பியைக் குறுக்காகத் திருப்புவது ஒன்று. விளக்கில்லாத இடங்களில் விளக்கு வைப்பது இரண்டாவது. மூன்றாவது வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. உயரம்; அதில் சைக்கிள் ஏறி இறங்குவது தெரியவே தெரியாது. உள்தெருக்களில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாகப் போட்டிருப்பவை கேரியரில் உட்கார்ந்த பிள்ளையைத் தூக்கி எறியும். எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே என்று பட்டியலோடு கொடுத்தும் இன்னும் பதில் வரவில்லை. மாதந்தோறும் நேரில் போய்க் கேட்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். வரும் ஆண்டில் பாகூர், திருக்கனூர் பக்கத்து வழிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மழை மாதங்களில் ஓட்டிப் பார்க்க முன்வருகிறவர்கள், குறிப்பாக இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்