விதானக் கட்டிலும் வைக்கோல் கூரையும்: ஒரு திருத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பிதழில் ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். பழைய இங்கிலாந்தில் வீடுகளுக்கு வைக்கோல் கூரையாம், அதிலிருந்து பூச்சியும் எலிப் புழுக்கையும் தூங்குகிறவர்கள் மேல் விழாமல் இருக்கத்தான் கட்டிலுக்கு நாலு கால் நட்டு மேலே விதானம் கட்டினார்களாம். இது 1999இல் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகச் சுற்றிய கட்டுக்கதை. பிள்ளைகள் இந்தத் துணுக்குகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வைக்கோல் கூரைக்குக் கீழே படுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அவர்களுக்கு வைக்கோல் திணித்த மெத்தை கிடைத்தாலே பெரிது. விதானக் கட்டில் வைத்திருந்தது அரசர், பிரபுக்கள், பெரிய வணிகர்கள். அந்த வீடுகளில் ஓடு, கற்பலகை அல்லது ஈயத் தகட்டுக் கூரை, அதற்கும் கீழே மரத்தாலோ சுண்ணாம்புப் பூச்சாலோ உள்கூரை வேறு. பூச்சி எங்கிருந்து விழும்? அதுவும் போக, ஆரம்பகால விதானங்கள் பலவற்றுக்குக் காலே கிடையாது. உத்தரத்திலிருந்து கயிறு கட்டிக் கூடாரம் மாதிரி தொங்கவிட்டார்கள், அந்த வகைக்கு ஸ்பார்வர் என்று பெயர், எட்டாம் ஹென்றியின் அரண்மனைச் சொத்துப் பட்டியலில்கூட அந்தப் பெயர் வருகிறது. நாலு கால் கட்டில் பரவலானது 16ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, பிறகு எதற்கு விதானம்? குளிர்காற்று ஒரு காரணம். அறைக்குள் அறையாக, ஒன்றைக் கடந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டிய வீடுகளில், வேலைக்காரர்களும் அதே அறையில் படுத்த காலத்தில், மறைவு இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே கௌரவம். சிம்மாசனத்துக்கு மேலே துணி கட்டியது எதற்கோ அதற்குத்தான் கட்டிலுக்கும் கட்டினார்கள்.

அந்தக் கட்டிலில் மரத்தைவிடத் துணிக்குத்தான் விலை அதிகம். வெல்வெட்டும் பட்டும் அன்று இரண்டடிகூட அகலமில்லாத தறிகளில் நெய்யப்பட்டவை, அப்படியானால் விதானம், சுற்றுத் திரை, தொங்கல் எல்லாவற்றுக்கும் எத்தனை கெஜம் ஒட்டுப் போட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலை உயிலில் எழுதி வைத்ததும் இதனால்தான். 1616இல் ஷேக்ஸ்பியர் தன் இரண்டாவது நல்ல கட்டிலை மனைவிக்கு எழுதியபோது அதன் திரை, விரிப்புகளையும் சேர்த்தேதான் எழுதினார்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'வேர் பெருங்கட்டில்' இருக்கிறது (வேர் என்பது இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர்), 1590களில் செய்தது, மூன்றேகால் மீட்டர் அகலம். விடுதியில் கிடந்த கட்டில், படுத்துப் போனவர்கள் ஓக் மரத்தில் தங்கள் பெயரெழுத்தைச் செதுக்கியும் சிவப்பு அரக்கு முத்திரை குத்தியும் வைத்த தழும்புகள் இன்னும் தெரிகின்றன.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே இடத்தில் இருக்கும் இன்னொரு கட்டிலை. டேவிட் கேரிக் என்ற நாடக நடிகருடையது. கல்கத்தா வணிகர்கள் அவர் மனைவிக்கு அன்பளிப்பாக அனுப்பிய திரைத்துணி, நம் சோழமண்டலக் கரையோரத்தில் கலம்காரி முறையில் கையால் எழுதப்பட்டது. இந்தியப் பூத்துணி அன்று இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்ட சரக்கு, அவர்கள் நெசவாளிகள் போராடி 1721இல் வாங்கிய சட்டம் அது. சுங்கத்துறை 1775இல் துணியைப் பறிமுதல் செய்துவிட்டது, கேரிக் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அந்தச் சிவப்புக்குச் சாயவேரைத் தோண்டி, இடித்து, காய்ச்சி, படிகாரம் தோய்த்த கோட்டில் மட்டும் நிறம் பிடிக்க வைத்து, நீலம் ஏறக்கூடாத இடத்துக்கு மெழுகு பூசி ஒரு துணியை முடிக்க எவ்வளவு நாளாகும் என்று இன்றும் அந்த வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இவ்வளவு கையுழைப்பையும் எலிப் புழுக்கை விழாமல் தடுக்கும் துணி என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிற ஞாயிறே திருத்தம் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், துணுக்கு வந்த அதே இடத்தில் அதே அளவில். கூடவே கேரிக் கட்டிலின் படத்தையும் வண்ணத்தில் போட்டால் பிள்ளைகள் அதை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்